உரிமமற்ற உருமாறும் ரோபோ பொம்மைகள் சேகரிப்பு

உரிமமற்ற உருமாறும் ரோபோ பொம்மைகள் சேகரிப்பு என்பது, டிரான்ஸ்பார்மர்ஸ் முதலான உருமாறும் ரோபோக் கதைகளின் பாத்திரங்களைச் சித்தரிக்கும், ஆனால் அக்கதைகளின் உரிமையாளரிடம் உரிமம் பெறாமல் உருவாக்கப்பட்ட பொம்மைகளை வாங்கியும் ஒப்பிட்டும் பாதுகாத்தும் வரும் பொழுதுபோக்கு ஆகும். ஊர்தி, விலங்கு, ஆயுதம் போன்ற ஒரு வடிவிலிருந்து மனித உருவ ரோபோவாக மடித்து மாற்றத்தக்க பொம்மைகளே உருமாறும் பொம்மைகள் எனப்படுகின்றன. டிரான்ஸ்பார்மர்ஸ் வணிகக்குறி அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ, சப்பானின் டகாரா டோமி ஆகிய நிறுவனங்களுக்கு உரியது. இவ்விரு நிறுவனங்களின் ஒப்புதல் இன்றி, பெரும்பாலும் சீனாவில் உருவாக்கப்படும் பொம்மைகளே இக்கட்டுரையின் பொருள். இவற்றை வாங்குவோரில் பெரும்பாலோர் குழந்தைகள் அல்லர்; 1980களில் இப்பொம்மைகளுடன் வளர்ந்து, பின்னர் சொந்த வருவாயில் அவற்றைத் தேடத் தொடங்கிய பெரியவர்கள்.

வகைகள்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை அனைத்தும் "போலி" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். சேகரிப்பாளர்கள் அவ்வாறு கருதுவதில்லை. அவர்கள் இரு பெரும் பிரிவுகளைக் கண்டிப்பாக வேறுபடுத்துகின்றனர்.

முதலாவது படிப்பொம்மை. ஏற்கெனவே விற்பனைக்கு வந்த ஒரு பொம்மையைப் பிரித்து, ஒவ்வொரு உறுப்பையும் அளந்து, அதேபோன்ற வார்ப்பச்சு செய்து வெளியிடப்படுவது இது. ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துகளைக் கொண்டு இதனைக் "கே.ஓ." எனச் சுருக்கி அழைப்பர். மூலத்தின் அளவிலேயே அமைவதும் உண்டு. பெரிதாக்கியோ சிறிதாக்கியோ செய்வதும் உண்டு.

இரண்டாவது மூன்றாம் தரப்புப் பொம்மை. இதில் பாத்திரம் மட்டுமே பிறருடையது. உருமாறும் முறை, மூட்டுகள், உறுப்புகள் அனைத்தும் புதிதாக வடிவமைக்கப்பட்டவை. "மூன்றாம் தரப்பு" என்னும் வழக்கு கணினி மென்பொருள் துறையிலும் உள்ளதே: ஆக்கியவர் முதல் தரப்பு, வாங்குபவர் இரண்டாம் தரப்பு, இருவருக்கும் வெளியே நின்று துணைப்பொருள் செய்பவர் மூன்றாம் தரப்பு. மூன்றாம் தரப்புப் பொம்மையையே மற்றொருவர் படியெடுத்து விற்றால் அவரைச் சிலர் "நான்காம் தரப்பு" என்பர். இச்சொல் கேலியாகத் தொடங்கியதுபோல் தோன்றினாலும் வழக்கில் நிலைத்துவிட்டது.

அதிகாரமுறைப் பொம்மைகளின் கலப்புத் தோற்றம்

உரிமமற்ற பொம்மைகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உரிமமுள்ள பொம்மைகள் ஒரே கையிலிருந்து தோன்றியவை என எண்ணிக்கொள்கின்றனர். வரலாறு அப்படி இல்லை. டிரான்ஸ்பார்மர்ஸ் 1984ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமானபோது அதன் பொம்மைகள் எவையும் அப்பெயருக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. சப்பானில் டகாரா நிறுவனம் 1980இல் தொடங்கிய டயாக்லோன் வரிசையிலிருந்தும், 1983இல் தொடங்கிய மைக்ரோ சேஞ்ச் வரிசையிலிருந்தும் அவை எடுக்கப்பட்டன. பின்னாளில் ஆப்டிமஸ் பிரைம் எனப் பெயர்பெற்ற சரக்குந்து டயாக்லோன் வரிசையைச் சேர்ந்தது. அதற்குள் ஒரு சிறு மனித ஓட்டுநர் அமர்வதாகவே சப்பானில் விற்கப்பட்டது. மெகட்ரான் என்னும் கைத்துப்பாக்கி மைக்ரோ சேஞ்சைச் சேர்ந்தது. இவை உயிருள்ள ரோபோக்கள் என்னும் கதையையும், பெரும்பாலான பெயர்களையும், குணச்சித்திரக் குறிப்புகளையும் மார்வெல் வரைகதை நிறுவனத்தினர் எழுதினர். பெயர்களிலும் குறிப்புகளிலும் பாப் புடியான்ஸ்கியின் பங்கு பெரிது.

முதல் ஆண்டுகளில் பொம்மைகள் போதாமையால் ஹாஸ்ப்ரோ பிற நிறுவனங்களிடமும் சென்றது. 1985இல் வெளிவந்த ஜெட்ஃபயர் உண்மையில் டகாடோகு நிறுவனம் செய்த வால்கிரி விமானம். மேக்ரோஸ் என்னும் சப்பானிய இயங்குபடத் தொடருக்காக சோஜி கவாமோரி வடிவமைத்தது. டகாடோகு நொடித்த பின்னர் அதன் வார்ப்பச்சுகள் டகாராவின் போட்டியாளரான பண்டாயிடம் சென்றன. ஆகவே சப்பானில் டகாராவால் ஜெட்ஃபயரை விற்க இயலவில்லை. அமெரிக்க இயங்குபடத் தொடரிலோ அப்பாத்திரத்தின் பெயர் ஸ்கைஃபயர் என்றும், தோற்றம் முற்றிலும் வேறாகவும் மாற்றப்பட்டன. ஷாக்வேவ் என்னும் பாத்திரத்தின் பொம்மை டாய்கோ நிறுவனத்தின் ஆஸ்ட்ரோ மேக்னம். இதே பொம்மையை அதே காலத்தில் ரேடியோ ஷாக் கடைகள் கேலக்டிக் மேன் என்ற பெயரில், சாம்பல் நிறத்தில் விற்றன. அது போலி அன்று. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து முறையாக உரிமம் பெற்று வந்தவை. இருப்பினும் பழைய பொம்மைச் சந்தைகளில் அதனை "போலி ஷாக்வேவ்" என்று ஒதுக்கியவர்கள் பலர்.

நிறம் மாறியிருப்பதைக் கொண்டு மட்டும் முடிவுசெய்வதும் பிழையாகலாம். பிரேசிலில் எஸ்ட்ரேலா நிறுவனம் 1980களில் முறையான உரிமத்துடன் உள்ளூரிலேயே செய்த சிறு ஊர்திகள், அமெரிக்காவில் எங்கும் காணப்படாத நிறங்களில் வெளிவந்தன. இன்று அவை அரியவையாகக் கருதப்பட்டு மிகுந்த விலைக்குப் போகின்றன.

ஸ்பார்க்கிள் வழக்கு

படிப்பொம்மைகள் டிரான்ஸ்பார்மர்ஸ் பிறந்த மறு ஆண்டே நீதிமன்றம் ஏறிவிட்டன. டாப்ஸ்பின், டுவின் டுவிஸ்ட் என்னும் இரு பொம்மைகள் பின்னிழுத்து விட்டால் ஓடித் துள்ளி எழுந்து ரோபோவாக நிற்பவை. டகாரா இவற்றைச் சப்பானில் விற்றபோது பொம்மையின்மீது பதிப்புரிமைக் குறி பொறிக்கவில்லை. சப்பானியச் சட்டத்தில் இத்தகைய பொம்மைகள் பதிப்புரிமையின்கீழ் அன்றி வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் வருவனவாகக் கருதப்பட்டதே காரணம். ஸ்பார்க்கிள் டாய்ஸ் என்னும் இறக்குமதி நிறுவனம், குறியில்லாத இச்சப்பானியப் பதிப்புகளைப் பார்த்துப் படியெடுத்தது. குறியில்லாது வெளியான பொருள் பொதுவுடைமை என்பது அதன் வாதம். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அவ்வாதம் வெறுமையானதன்று. ஆயினும் இரண்டாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985இல், குறி விடுபட்டதைக் குறிப்பிட்ட காலத்துக்குள் சரிசெய்யச் சட்டம் இடமளிக்கிறது எனக் கூறி ஹாஸ்ப்ரோவின் பக்கம் தீர்ப்பளித்தது. 1989 மார்ச் மாதத்தில் பேர்ண் உடன்படிக்கை அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தபின் குறி பொறிப்பது கட்டாயம் இல்லை என்றாகிவிட்டது. எனினும் பொம்மையின் அடியில் பொறிக்கப்படும் அச்சிறு எழுத்துகள் சேகரிப்பாளர்களுக்கு இன்றும் பயன்படுகின்றன. அதனைக் கீழே காண்க.

மூன்றாம் தரப்பு தோன்றிய காரணம்

மூன்றாம் தரப்புப் பொம்மைகள் தோன்றியதற்கு அடிப்படைக் காரணம், பொம்மைக்கும் படத்துக்கும் இடையே இருந்த இடைவெளி. பொம்மை முதலில் வந்தது; அதைப் பார்த்து இயங்குபட ஓவியர்கள் மனித முகமும் எளிய கோடுகளும் கொண்ட உருவங்களை வரைந்தனர். சிறுவர்கள் திரையில் கண்டது ஒன்று, கையில் கிடைத்தது வேறொன்று. அயர்ன்ஹைட், ராட்செட் ஆகிய இருவரும் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. தொடரில் முதன்மைப் பாத்திரங்களாகிய இவர்களின் 1984ஆம் ஆண்டுப் பொம்மைகளுக்குத் தலையே கிடையாது. கண்ணாடிக்குப் பின்னே ஓட்டுநர் இருக்கையும், அதன்மீது ஒட்டுவதற்கு ஒரு முகப் படமும் மட்டுமே இருந்தன. டகாரா டோமியின் பெரியோர்க்கான மாஸ்டர்பீஸ் வரிசையில் இவ்விருவரும் படத்திலுள்ளவாறு வெளிவந்தது 2016இல்.

முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த இடைவெளியில்தான் ஆர்வலர்கள் வேலை தொடங்கினர். முதலில் அவர்கள் செய்தவை முழுப் பொம்மைகள் அல்ல, துணைப்பொருள்கள். ஒட்டுப்படங்கள், துப்பாக்கிகள், மாற்றுத் தலைகள் ஆகியவை பிசின் வார்ப்பில் சிறு எண்ணிக்கையில் செய்யப்பட்டன. திருப்புமுனையாகக் கொள்ளத்தக்கது, 2000களின் பிற்பகுதியில் ஃபேன்ஸ்பிராஜெக்ட் வெளியிட்ட சிட்டி கமாண்டர். 2006இல் தொடங்கிய கிளாசிக்ஸ் வரிசையில் ஹாஸ்ப்ரோ ஆப்டிமஸ் பிரைமை வெளியிட்டது. பின்னர் அதே பொம்மைக்கு வெள்ளை நிறமிட்டு அல்ட்ரா மேக்னஸ் என விற்றது. ஆனால் அல்ட்ரா மேக்னஸ் என்றாலே, இழுவைப் பெட்டி கவசமாகி உடலைச் சூழும் பேருருவமே ஆர்வலர் நினைவில் நின்றது. அக்கவசத்தை மட்டும் தனியே செய்து விற்றதுதான் சிட்டி கமாண்டர். அதனை அணிவிக்க ஹாஸ்ப்ரோவின் பொம்மையையும் வாங்கியாக வேண்டும் என்பதால், அது மூல நிறுவனத்துக்கு இழப்பன்று என்ற வாதம் அப்போது எளிதாக இருந்தது.

அவ்வாதம் நெடுநாள் நிலைக்கவில்லை. 2011-12 ஆண்டுகளில் டி.எஃப்.சி. டாய்ஸ், ஆறு கட்டுமான ஊர்திகள் ஒன்றிணைந்து டெவஸ்டேட்டர் என்னும் பேருருவாகும் தொகுதியை ஹெர்குலிஸ் என்ற பெயரில் முழுமையாகவே வெளியிட்டது. இதற்கு ஹாஸ்ப்ரோவின் எந்தப் பொம்மையும் தேவைப்படவில்லை. பல நூறு டாலர் விலையுள்ள பொம்மைக்கும் வாங்குவோர் உண்டு என்பதை இது காட்டியது. ஹாஸ்ப்ரோ தனது ஏறத்தாழ 18 அங்குல டெவஸ்டேட்டரை 2015இல் வெளியிட்டது. முந்தையது பிந்தையதற்குக் காரணமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் பெரிய ஒன்றிணையும் பொம்மைகளுக்கான வேட்கையை முதலில் அளந்து காட்டியவர்கள் உரிமமற்றவர்களே எனலாம்.

பொம்மையே கிடைக்காத பாத்திரங்கள் மற்றொரு களம். 2012 முதல் வெளிவந்த ஐ.டி.டபிள்யூ. வரைகதையில் ஜேம்ஸ் ராபர்ட்ஸ் எழுதிய டார்ன் என்னும் கொடியோன் வாசகரிடையே பெரும்புகழ் பெற்றும் பல ஆண்டுகள் அதிகாரமுறைப் பொம்மை பெறவில்லை. மாஸ்டர்மைண்ட் கிரியேஷன்ஸ் அவனைக் கல்ட்டூர் என்ற பெயரில் வெளியிட்டது.

பெயரிடும் மரபு

வணிகக்குறியைத் தவிர்ப்பதற்காக மூன்றாம் தரப்பினர் பாத்திரத்தின் பெயரைப் பெட்டியில் அச்சிடுவதில்லை. அணிச் சின்னங்களும் இருக்காது. அவற்றுக்கான வெற்றிடம் மட்டும் மார்பில் விடப்பட்டிருக்கும், ஒட்டுப்படத்தை வாங்குபவரே வேறிடத்தில் தேடிக்கொள்வார். மாற்றுப் பெயர் வாங்குபவருக்குப் புரியவும் வேண்டும், வழக்கறிஞருக்குப் பிடிபடாமலும் இருக்க வேண்டும். இதனால் ஒருவகைப் புதிர்மொழியே உருவாகியுள்ளது. ஃபேன்ஸ் டாய்ஸ் நிறுவனத்தின் தொல்லுயிர் அணியில் ஸ்லாக் என்பவரின் பொம்மைக்கு ஸ்கோரியா என்று பெயர். ஸ்லாக் என்றால் உலோகம் உருக்கும்போது மிஞ்சும் கசடு. ஸ்கோரியா என்றால் எரிமலைக் கசடு. ஸ்வூப் என்னும் பறக்கும் ஊர்வன சோர் ஆகிறது. முன்னது பாய்ந்திறங்குதல், பின்னது உயரப் பறத்தல். ஷாக்வேவின் பெயர் குவேக்வேவ் ஆனது. எல்லாப் பெயர்களும் இத்துணை நயமானவை அல்ல. அகராதியைக் கண்மூடித் திறந்து எடுத்தவை போன்றனவும் ஏராளம்.

உருவாக்கமும் பெரிதாக்கத்தின் இடர்களும்

உரிமமுள்ளதாயினும் அற்றதாயினும் உருமாறும் பொம்மைகள் உட்செலுத்து வார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன. உருகிய நெகிழி உயரழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்தப்பட்டுக் குளிர்விக்கப்படுகிறது. உடற்பகுதிகளுக்குப் பெரும்பாலும் ஏ.பி.எஸ். நெகிழியும், தேய்மானம் மிகுந்த மூட்டுகளுக்குப் பாலிஅசிட்டலும் பயன்படுகின்றன. செலவில் பெரும்பகுதி அச்சுக்கே. ஒருமுறை அச்சு வெட்டிய பின்னர் அதிலிருந்து வரும் ஒவ்வொரு பொம்மையும் ஒப்பீட்டளவில் மலிவு. பெரிய நிறுவனம் இச்செலவை இலட்சக்கணக்கான படிகள்மீது பரப்பிவிடும். சில ஆயிரம் படிகள் மட்டுமே விற்கும் மூன்றாம் தரப்பினரால் அது இயலாது. அவர்களது விலை மிகுந்திருப்பதற்கும், ஒரே அச்சை நிறமும் தலையும் மாற்றி இரண்டு மூன்று பாத்திரங்களாக விற்பதற்கும், பணம் முன்கூட்டியே பெறப்படுவதற்கும் இதுவே காரணம்.

படியெடுப்பவருக்கு வடிவமைப்புச் செலவு இல்லை. ஆனால் படியெடுத்தலில் இயற்பியல் தரும் தொல்லைகள் உண்டு. ஏ.பி.எஸ். குளிரும்போது ஏறத்தாழ 0.4 முதல் 0.7 விழுக்காடு வரை சுருங்கும். மூல வடிவமைப்பாளர் இதனைக் கணக்கிட்டு அச்சைச் சற்றுப் பெரிதாக வெட்டியிருப்பார். முடிந்த பொம்மையின் உறுப்பை அப்படியே அளந்து அச்சு செய்பவர் இதனை மறந்தால், 100 மி.மீ. உறுப்பு சுமார் 99.5 மி.மீ. ஆகிவிடும். அரை மில்லிமீட்டர் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இருபது உறுப்புகள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து பூட்டிக்கொள்ளும் பொம்மையில், திருகாணி போன்று வேறிடத்தில் வாங்கிய சுருங்காத உறுப்புகளுடன் அவை பொருந்த வேண்டியுள்ளமையால், இறுக்கமும் இடுக்கும் அங்கிருந்தே தோன்றுகின்றன. முப்பரிமாண வருடி பரவலான பின்னர் இப்பிழை குறைந்துள்ளது.

பெரிதாக்கிய படிகளில் வேறொரு சிக்கல். நீளத்தை 1.25 மடங்காக்கினால் எடை 1.25 இன் முப்படியாக, அதாவது ஏறத்தாழ 1.95 மடங்காகிறது. நீட்டிய கை தோள்மூட்டில் உண்டாக்கும் திருப்பு விசை எடையை மட்டுமன்றிக் கையின் நீளத்தையும் பொறுத்தது. எனவே அது 2.44 மடங்காகும். மூட்டின் உராய்வுப் பிடிப்போ தொடுபரப்பு, ஆரம் ஆகியவற்றுக்கு ஏற்ப 1.95 மடங்கே வளரும். ஆகவே மூலத்தில் போதுமான அளவு இறுகியிருந்த மூட்டு, அதே இறுக்கத்தில் பெரிதாக்கப்பட்டால் தன் சுமைக்கு ஒப்ப ஐந்தில் ஒரு பங்கு பிடிப்பை இழக்கிறது. கனமாக இருந்தால் தரமானது என்னும் எண்ணத்தால் துத்தநாகக் கலப்புலோக உறுப்புகளையும் சேர்த்துவிட்டால், அதன் அடர்த்தி ஏ.பி.எஸ்.-ஐப்போல் ஆறு மடங்கு என்பதால், கை தானாகவே தொங்கிவிடும். திறமையான படிநிறுவனங்கள் உராய்வு மூட்டை நீக்கிப் பற்சக்கரத் தடுப்பு மூட்டை வைத்து இதனைச் சமாளிக்கின்றன. வெய் ஜியாங் நிறுவனம் மாஸ்டர்பீஸ் ஆப்டிமஸ் பிரைமைப் பெரிதாக்கி, உலோகம் சேர்த்து வெளியிட்ட எம்.பி.பி.-10 இவ்வகையில் பெயர்பெற்றது. மூலத்தையே விஞ்சியது எனச் சிலர் கூறுவதும் உண்டு. ஆனால் அதன் உருமாற்றத்தின் அறிவு முழுவதும் வேறொருவருடையது என்பதை மறத்தலாகாது.

படிப்பொம்மையை இனங்காணல்

அசல் எனக் கூறிப் படியை அசல் விலைக்கு விற்பதே இத்துறையின் உண்மையான தீங்கு. படி என்று தெரிந்து மலிவாக வாங்குபவர் ஏமாற்றப்படுவதில்லை. தெரியாமல் வாங்குபவர் ஏமாற்றப்படுகிறார், அவர் பின்னாளில் நல்லெண்ணத்துடன் அதனை மற்றொருவருக்கு அசல் என்றே விற்றும்விடுகிறார்.

முதலில் பார்க்க வேண்டியது பதிப்புரிமைப் பொறிப்பு. வழக்கில் சிக்காதிருக்கப் பல படிநிறுவனங்கள் நிறுவனப் பெயரை மட்டும் அச்சிலிருந்து நிரப்பிவிடுகின்றன. பொறிப்பு இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுப்பான ஒரு நீள்சதுரம் தென்படும். பொறிப்பு இருப்பதாலேயே அசல் என்று முடிவுசெய்யவும் கூடாது. கூசாமல் அதனையும் சேர்த்தே படியெடுப்பவர்கள் உள்ளனர். பெட்டியையும், மாஸ்டர்பீஸ் பொம்மைகளுடன் வழங்கப்பட்ட சிறப்பு நாணயங்களையும்கூட அவர்கள் விட்டுவைப்பதில்லை. உறுப்பு விளிம்புகளில் நெகிழி கசிந்த மெல்லிய பிசிறு, திருகாணித் தலையின் வடிவம், வண்ணப்பூச்சின் எல்லைக்கோடு, குரோமப் பூச்சின் சாயல், அளவுகோல் தரும் வேறுபாடு ஆகியவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும். கடையில் தீர்ந்துபோன பொம்மை திடீரெனப் பல விற்பனையாளரிடம் ஒரே விலைக்குக் கிடைக்குமாயின் அதுவே போதிய எச்சரிக்கை.

பழம்பொம்மைகளில் இதற்கு நேர்மாறான ஒரு நிலையும் உண்டு. 1980களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் பயன்படுத்தப்பட்ட, உலோகத் துகள் கலந்த ஒருவகைப் பொன்னிற நெகிழி காலப்போக்கில் வலுவிழந்து, தொட்டாலே உதிர்ந்துபோகிறது. பெட்டி திறக்கப்படாத அசல் பொம்மையும் இதற்குத் தப்புவதில்லை. அத்தகைய பொம்மையை உருமாற்றிப் பார்க்க விரும்புபவர் படியை வாங்கிக் கையாள்வதும், அசலைப் பேழையில் வைப்பதும் வழக்கம்.

சட்டநிலையும் சேகரிப்பாளர் நெறியும்

பாத்திரத்தின் தோற்றம் பதிப்புரிமையில் அடங்கும். பெயரும் சின்னமும் வணிகக்குறியில் அடங்கும். பெயரைத் தவிர்ப்பதால் மூன்றாம் தரப்பினர் இரண்டாவதிலிருந்து ஓரளவு தப்பலாம், முதலாவதிலிருந்து அன்று. "வடிவமைப்பு எங்களுடையது" என்பது பொறியியல் நோக்கில் உண்மை. சட்ட நோக்கில் அது பாதி விடையே. நடைமுறையில் இவர்கள் பெரும்பாலும் சிறு குழுக்கள், அடிக்கடி பெயர் மாற்றுபவர்கள், வேறு நாட்டில் இருப்பவர்கள் என்பதால் வழக்குத் தொடர்வது எளிதன்று. டொராண்டோவில் 2002இல் தொடங்கிய டி.எஃப்.கான் போன்ற ஆர்வலர் மாநாடுகளில் இவர்களது புதிய வெளியீடுகள் வெளிப்படையாகவே காட்சிக்கு வைக்கப்படுகின்றன.

சேகரிப்பாளரிடையே இதுபற்றி ஒருமித்த கருத்து இல்லை. அதிகாரமுறைப் பொம்மை இருக்கும்போது உரிமமற்றதை வாங்குவதில்லை என்போர் உளர். மூன்றாம் தரப்பை ஏற்றுப் படியை முற்றாக மறுப்போர் மிகுதி. ஆனால் இந்நிலைப்பாட்டில் ஓர் இடறல் உள்ளது. மூன்றாம் தரப்பு வடிவமைப்பாளர் பல மாதங்கள் உழைத்துச் செய்த பொம்மையை நான்காம் தரப்பு பாதி விலைக்குப் படியெடுக்கும்போது, அவர் செல்லக்கூடிய நீதிமன்றம் எதுவும் இல்லை. தமது உரிமையை நிறுவ, முதலில் அது யாருடைய பாத்திரம் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவருக்கு உள்ள ஒரே காப்பு, அசலை வாங்குங்கள் என்று சேகரிப்பாளர் தமக்குள் கூறிக்கொள்வது மட்டுமே. அச்சொல் ஹாஸ்ப்ரோவைக் குறித்தும் பொருந்துமே என்ற வினா அடிக்கடி எழுப்பப்பட்டு, அடிக்கடி விடையின்றி விடப்படுகிறது.

வாங்குபவருக்கும் இடர்கள் உண்டு. முன்பணம் பெற்ற குழு கலைந்துவிட்டால் பணம் திரும்புவதில்லை. ஐந்து உறுப்பினர் இணையவேண்டிய பேருருவத்தில் மூவரோடு தொகுதி நின்றுபோனால், அம்மூவருக்கும் மதிப்பில்லை. உடைந்த உறுப்புக்கு மாற்று கிடைப்பது அரிது. அதே பாத்திரத்தை ஹாஸ்ப்ரோ செம்மையாகவும் மலிவாகவும் வெளியிட்டுவிட்டால், மூன்றாம் தரப்புப் பொம்மையின் மறுவிற்பனை விலை வீழ்ந்துவிடும். 2019இல் ஹாஸ்ப்ரோ, ஹாஸ்லேப் திட்டத்தில் 8,000 முன்பதிவுகளை இலக்காக வைத்து 575 டாலர் விலையில் யூனிக்ரான் என்னும் கோளுருவப் பொம்மைக்குப் பணம் திரட்டி வெற்றிகண்டது. பணம் முன்னே, பொம்மை பின்னே என்னும் இம்முறையை மூன்றாம் தரப்பின் வாடிக்கையாளர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பழகியிருந்தனர்.

ஆவணப்படுத்தல்

அதிகாரமுறைப் பொம்மைகளுக்கு நிறுவனப் பட்டியல்களும் விளம்பரங்களும் சான்றாக உள்ளன. உரிமமற்றவற்றுக்கு அவை இல்லை. பெட்டியில் பாத்திரத்தின் பெயர் இல்லை, பல வேளைகளில் உற்பத்தியாளரின் முகவரியும் இல்லை. ஸ்கோரியா என்பது யார், எந்த அளவுத்திட்டத்தில் எந்த அதிகாரமுறைப் பொம்மையுடன் பொருந்துமாறு செய்யப்பட்டது என்பன சேகரிப்பாளர்கள் தாமே தொகுத்த பட்டியல்களிலும் ஒளிப்படங்களிலும் மட்டுமே பதிவாகியுள்ளன. உருமாற்றக் குறிப்பேடு தொலைந்த பொம்மைகள் சில, எவ்வாறு மடிப்பது என்று தெரியாமல் ரோபோ வடிவிலேயே கைமாறி வருகின்றன.